ஏழாவது தலை

ஒருவரை வெறுப்பது எப்படி என்பதை எலியம்மா தன் நாற்பத்து நான்காவது வயதில்தான் கற்றுக்கொண்டாள். அதுவரை அவளுக்குக் கோபம் வந்தால் அரை மணி நேரம் நிற்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, திட்டு வாங்கியவர்களுக்கே டீ வாங்கிக் கொடுத்துவிடுவாள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று வேலைபார்க்கும் இடத்தில் பெயர் எடுத்திருந்தாள்.

வேலைபார்க்கும் இடம் ஒரு ஆராய்ச்சிக்கூடம். அதன் பின்புறத்தில் எலி வளர்க்கும் அறைகள் மூன்று இருந்தன. பதினேழு வருஷமாக அவற்றுக்கு அவள்தான் பொறுப்பு. கூண்டுகளில் மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்க் குப்பிகளைக் கழுவுவது, எடை பார்ப்பது, குட்டிகளின் காதில் எண் பொறித்த சின்னத் தகடு மாட்டுவது, ஆராய்ச்சியாளர்கள் கேட்கிற எலியைக் கேட்கிற நேரத்தில் எடுத்துக் கொடுப்பது, எல்லாமே அவள் கைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "வீட்டுல ஒரு ஆளுக்குப் போடற சாப்பாட்டை இங்க நானூறு பேருக்குப் போடறேன். ஒருத்தனும் இதுவரைக்கும் உப்பு இல்லன்னு மூஞ்சியைத் தூக்கினதில்ல" என்பாள். யாரோ விளையாட்டாக எலியம்மா என்று கூப்பிடப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருந்த பெயரை அவளே எப்போதாவதுதான் பார்த்தாள்.

அவளுடைய தம்பி அதே இடத்தில் எலெக்ட்ரீஷியன். அவளைவிடப் பத்து வயது இளையவன். மனைவியும் ஏழு வயது மகளும் உண்டு. அக்காவும் அவர்களோடுதான் இருந்தாள். காலையில் அக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருவார்கள். ஜன்னலோர சீட்டுக்குத் தினமும் சண்டை போடுவார்கள்.

கதிர்வீச்சுத் துறைக்குத் தலைவராக இருந்தவர் எந்த நேரமும் சிரித்த முகத்தோடு இருப்பார். யாரையும் அதட்டமாட்டார். முடியாது என்று சொல்ல வந்தவர்களையும் தோளில் கைபோட்டு, வீட்டு விஷயம் விசாரித்து, சரி என்று சொல்லவைத்துத் திருப்பி அனுப்புவார். ஊழியர்கள் அவரைச் சிரிப்பு டாக்டர் என்பார்கள். தலையைப் படம்பிடிக்கும் புதுக் கருவி ஒன்றை ஒரு கம்பெனி செய்திருந்தது. அதிலிருந்து வருகிற கதிர் மூளையைக் கெடுக்குமா என்று எலிகளை வைத்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது. கெடுக்காது என்ற பதிலுக்காகக் கம்பெனி காத்திருந்தது. கம்பெனியைவிட அதிகமாக அவர் காத்திருந்தார்.

அந்த வேலை நடந்தது தடித்த சுவர் வைத்த ஒரு அறையில். நடுவில் ஆளுயர ஈயப் பெட்டி. கதிரை உமிழும் பொருள் ஒரு கம்பியின் நுனியில் பெட்டியின் அடியில் பத்திரமாக இருக்கும். வெளியே உள்ள பலகையில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கம்பி மேலே வரும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கீழே போய்விடும். மயக்க மருந்து கொடுத்த கறுப்பு எலிகளைக் குழாய்களில் போட்டு, ஒரு தட்டில் ஆறு ஆறாக அடுக்கி உள்ளே வைப்பார்கள். உடம்பை ஈயத் தகடு மறைத்திருக்கும். தகட்டில் வெட்டிய சின்னச் சதுரம் வழியாகத் தலையின் மேல் மட்டும் கதிர் படும். கம்பி மேலே இருக்கும்போது வாசலில் ஒரு விளக்கு எரியும், அறைக் கதவு திறக்காது. யாராவது இழுத்துத் திறந்தால் மணி அடிக்கும், கம்பி தானாகக் கீழே இறங்கும்.

அந்தக் கதவுப் பூட்டுதான் பழுதானது. காரணமே இல்லாமல் ஒரு நாளைக்குப் பத்து தடவை மணி அடித்தது, கம்பி இறங்கியது, வேலை நின்றது. கருவியைச் செய்த இடத்திலிருந்து ஆள் வர ஒரு மாசம் ஆகும் என்றார்கள். சிரிப்பு டாக்டர் தம்பியைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டார்.

"ஒரு வாரத்துக்கு மட்டும் டைரக்ட் கொடுத்துடுப்பா. ஆபரேட்டர் பாத்துக்குவார். உள்ள யாரு போகப் போறா?"

"சார், பூட்டு, மணி, வெளக்கு மூணும் ஒரே லைன். டைரக்ட் கொடுத்தா மூணும் போயிடும்."

"எனக்குத் தெரியாதா? நான் சொல்றேன்ல."

பெட்டிக்குள் இருந்த இணைப்பில், பூட்டைத் தாண்டி மின்சாரம் நேராகப் போகிறபடி தம்பி ஒயரைக் கட்டிவிட்டான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னான். அவளுக்கும் அது சரியாகப் படவில்லை. பெரியவர்கள் சொன்னால் யோசித்துத்தான் சொல்வார்கள் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். அந்தப் பேச்சைத்தான் பின்னால் அவள் தினமும் நினைத்தாள்.

ஐந்தாவது நாள் எலித்தட்டு உள்ளே சிக்கிக்கொண்டது. ஆபரேட்டர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கம்பி இறங்கிவிட்டது என்று நினைத்தார். அதுவும் பாதியில் சிக்கியிருந்தது. சொல்ல வேண்டிய விளக்கும் இல்லை, மணியும் இல்லை. தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் கதவைத் திறந்துகொண்டு போய், ஈயப் பெட்டிக்குள் தலையை நுழைத்து, பதினோரு நிமிஷம் தட்டோடு மல்லுக்கட்டினான். சரிசெய்துவிட்டு வெளியே வந்து, "உள்ள ஒரே புழுக்கம்" என்று சொல்லிக் கைகழுவினான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவன் ஜன்னலோர சீட்டைக் கேட்கவில்லை. வழியிலேயே வாந்தி எடுத்தான். மூன்று வாரம் கழித்து இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டியது. அதற்குப் பிறகு, மெல்ல மெல்ல, நேற்று என்பது அவனிடம் நிற்காமல் போனது. சின்ன வயசு எல்லாம் இருந்தது. சுவிட்சைக் கழற்றி மாட்டத் தெரிந்தது. முந்தாநாள் நடந்தது மட்டும் இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வாசலில் நின்றுவிட்டு, தனியாகத் திரும்பி வந்தான். குழந்தை இருட்டும்வரை வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

எலியம்மா நேராகச் சிரிப்பு டாக்டரிடம் போனாள். அவர் நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"கம்பி அன்னைக்குப் பொட்டிக்குள்ளதான்மா இருந்துச்சு. ஆபரேட்டர் ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கார். உள்ள கதிரே இல்ல."

"அவன் சட்டையில குத்தியிருந்த அட்டை, சார்? எவ்வளவு கதிர் பட்டுதுன்னு அதுல தெரியுமே."

"அது எங்கயோ தொலைஞ்சுடுச்சு. தம்பி அசால்ட்டான ஆளு, உங்களுக்கே தெரியும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அவர் குடிக்கிறார்னு பேச்சு இருக்கு. ஞாபகம் தப்பறதுக்கு அதுவே போதும்."

தம்பி ஒரு சொட்டு தொட்டதில்லை. அடுத்த மாசமே குடியென்றும் கவனக்குறைவு என்றும் எழுதி அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள். அந்தக் காகிதத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்த அன்றிலிருந்து எலியம்மா வாயில் 'சார்' என்றும் மனசில் 'அவன்' என்றும் சொல்லப் பழகினாள்.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. தம்பியோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆறு எலிகளை அவர் நேரத்தோடு நினைக்கவில்லை. தம்பி உள்ளே போய் வந்த பதினோராம் நாள்தான், அவனுக்கு முடி கொட்டுவதற்கு முன்பே, நினைத்தார். எலி அறைக்கு வந்து, சிரித்துக்கொண்டே, "அந்த ஆறும் சரியில்ல எலியம்மா, முடிச்சுடுங்க" என்றார்.

"சரிங்க சார்."

தம்பிக்கு அப்போதும் வாந்தி நிற்கவில்லை; அவனோடு உள்ளே இருந்த எலிகளை மட்டும் ஏன் முடிக்கச் சொல்கிறார் என்று அவளுக்கு உறுத்தியது. ரெஜிஸ்டரில் ஆறு எண்களையும் எழுதி, கொல்லப்பட்டன என்று கையெழுத்துப் போட்டாள். காலம் முடிந்து எப்படியும் போகவேண்டிய ஆறு கிழட்டு எலிகளைக் கொன்று, எரிக்கப் போகும் பைக்குள் கட்டி அனுப்பினாள். கதிர் அறையிலிருந்து வந்த ஆறையும் கோடி அறையில், யாரும் எட்டிப்பார்க்காத கீழ்த்தட்டில், வேறு அட்டை செருகிய கூண்டில் வைத்தாள். பதினேழு வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.  அவ்வளவு சுலபமாக எழுத வந்ததுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆறு வாரத்தில் எலிகளின் தலையில் வெள்ளை தெரிந்தது. கறுப்பு எலியின் மேல் கதிர் பட்டால் அந்த இடம் நரைக்கும், அது அவள் பார்த்துப் பழகிய சங்கதி. ஆனால் இவ்வளவு வெள்ளையாக அவள் பார்த்ததில்லை. கறுப்புத் துணியில் சுண்ணாம்பால் இழுத்ததுபோல, நெற்றிக்கு மேலே சுத்தமான சதுரம். கதிரே இல்லாத பெட்டிக்குள் இருந்த எலிகளாம்.

உடனே எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? மேலே இருந்தவர்கள் எல்லோரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். எலி கைமாறிய அன்றே செத்துப்போகும். வெளியிலிருந்து ஆய்வுக் குழு ஒன்று உரிமத்தைப் புதுப்பிக்க வரும், அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

தினமும் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்தாள். மற்றவர்கள் வருவதற்குள் அந்த ஆறையும் ஒவ்வொன்றாக ஒரு வெறும் பெட்டியில் விட்டாள். பெட்டியில் ஒரே மாதிரியான இரண்டு குப்பிகளை வைப்பாள். மறுநாள் ஒரு குப்பியை எடுத்துவிட்டு மரக்கட்டை ஒன்றை வைப்பாள். நல்ல எலி பழைய குப்பியைச் சட்டை செய்யாது, புதுக் கட்டையைத்தான் சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும். இந்த எலிகள் இரண்டையும் ஒரே மாதிரி மோந்தன. நேற்று பார்த்த குப்பி அவற்றுக்கு இன்றைக்கும் புதுசு. அவள் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் விநாடிகளை எழுதுவாள். எழுதும்போது தம்பி வாசலில் நின்ற நிற்பு கண்முன் வரும்.

"செத்துடாதீங்கடா. ஒருத்தனைச் சாய்க்கிற வரைக்கும் செத்துடாதீங்க" என்று அவற்றிடம் சொல்வாள். அவற்றுக்குக் குளிர் படாமல் கூடுதலாகப் பஞ்சு வைத்தாள், பல் வளர்ந்தால் பார்த்து வெட்டிவிட்டாள். அப்படியும் இரண்டு செத்தன. அவற்றைப் பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியின் அடியில் வைத்தாள்.

வீட்டில் தம்பிக்குக் கோபமே இல்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. தனக்கு என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் யாராவது தடுக்கி விழுந்தால் சிரித்தான். ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "டாக்டர் நல்ல மனுஷன்க்கா, எப்பவும் சிரிச்ச முகம்" என்றான். அவனுடைய கோபத்தையும் சேர்த்து அவள் சுமக்கவேண்டியிருந்தது.

ஆய்வுக் குழு வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு மத்தியான வேளை, காலித் தட்டுகளை எடுக்க எலியம்மா கதிர் அறைப் பக்கம் போனாள். ஆபரேட்டர் விடுப்பில் இருந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஈயப் பெட்டிக்குள் தலையை விட்டபடி ஒருவர் குனிந்து நின்றார். சிரிப்பு டாக்டர்.

கையில் திருப்புளி. தம்பி கட்டிய ஒயரை அவர் கழற்றிக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக அதைச் சரிசெய்யவே இல்லை. ஆள் கூப்பிட்டால் காகிதத்தில் பதிவாகும், காகிதம் இருந்தால் கேள்வி வரும். குழு வருவதற்குள் தடத்தை அழிக்க அவரே இறங்கியிருந்தார். பழக்கமில்லாத கை, திருகாணி வழுக்கிக்கொண்டே இருந்தது. வெளிப் பலகையில் சாவி அப்படியே தொங்கியது. உள்ளே போகிறவர் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். சுவரில் அதைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தவரே அவர்தான்.

எலியம்மா பலகைக்கு முன்னால் நின்றாள். பச்சைப் பொத்தான் அவள் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் மூன்று விநாடியில் கம்பி மேலே வந்துவிடும். விளக்கு எரியாது, மணி அடிக்காது. அப்படிச் செய்து வைத்தது அவரேதான். தலை எங்கே இருக்கவேண்டுமோ அங்கேயே இருந்தது.

விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். அது கொஞ்சம் சில்லென்று இருந்தது. கடிகாரத்தைக்கூடப் பார்த்துவிட்டாள், பதினோரு நிமிஷம் கணக்குப் போட. அவளுக்குப் பயம் இல்லை, பாவம் என்றும் தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது. ஆறு மாசம் கழித்து இந்த மனுஷன் எப்படி இருப்பான்? தம்பியைப் போலத் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். என்ன செய்தோம் என்று தெரியாது. யாரைக் கெடுத்தோம் என்று தெரியாது. மறதி என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று அவள் வீட்டில் தினமும் பார்க்கிறாளே. இவனுக்கு அதைத் தன் கையால் கொடுப்பதா?

இவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கவேண்டும். ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கவேண்டும்.

விரலை எடுத்தாள். சாவியைத் திருப்பிக் கழற்றி, உள்ளே போய் அவர் கையில் கொடுத்தாள்.

"சார், சாவிய மறந்துட்டீங்க. யாராவது தெரியாம அமுக்கியிருந்தா என்ன ஆகறது?"

அவர் முகம் வெளுத்தது. அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிட்டது. "உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கும்போது எனக்கென்ன கவலை எலியம்மா."

"ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். 

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவி தடித்த கண்ணாடி போட்ட குள்ளமான அம்மாள். அதிகம் பேசாதவர், எதையும் தொட்டுப் பார்க்கிறவர். சிரிப்பு டாக்டர் ஒவ்வொரு அறையாகக் காட்டினார், ரெஜிஸ்டர்களைத் திறந்து வைத்தார். கதிர் அறையில் அன்றைக்குப் பார்த்துப் பூட்டு ஒழுங்காக வேலைசெய்தது, மணி அடித்தது, விளக்கு எரிந்தது. எலி அறைக்கு வந்தபோது அவர்கள் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள்.

"அம்மா, இன்னும் ஒரு கூண்டு இருக்கு. அதையும் பாத்துட்டுப் போங்க" என்றாள் எலியம்மா. மேஜை மேல் பெட்டி தயாராக இருந்தது, குப்பியும் மரக்கட்டையும் இருந்தன. கீழ்த்தட்டிலிருந்து கூண்டை எடுத்து வந்து துணியை விலக்கினாள்.

நான்கு கறுப்பு எலிகள். நான்கின் தலையிலும் வெள்ளைச் சதுரம்.

சிரிப்பு டாக்டர்தான் முதலில் பேசினார். "வயசான எலிங்க, அவ்வளவுதான். நரை எல்லாருக்கும் வர்றதுதானே. எனக்கே வந்துடுச்சு."

குழுத் தலைவி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வெள்ளையின் ஓரத்தை நகத்தால் தடவினார். "உங்களுக்குச் சதுரமா வரலையே" என்றார்.

எலியம்மா ஒரு எலியைப் பெட்டியில் விட்டாள். நேற்று இதே பெட்டியில் இரண்டு குப்பிகளை அது பார்த்திருக்கிறது என்று சொன்னாள். எலி குப்பிக்குப் போயிற்று, கட்டைக்குப் போயிற்று, திரும்பக் குப்பிக்கு வந்து முதல்முறை பார்ப்பதுபோல மோந்தது. பிறகு ஆபரேட்டரின் ரெஜிஸ்டரைத் திறந்து அந்தத் தேதியைக் காட்டினாள். கம்பி வெளியே வரவில்லை, ஆறு எலிகளுக்கும் கதிர் கொடுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. ஆறு எண்களும் இருந்தன. "இப்ப இதுங்க காதுல இருக்கிற எண்ணைப் பாருங்க. மீதி ரெண்டும் உறைபெட்டில இருக்கு."

குழுத் தலைவி காதுத் தகடுகளை ஒவ்வொன்றாக ரெஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்தப் பொட்டிக்குள்ள ஏழு தலை இருந்துச்சும்மா. ஆறு இதுங்களோடது. ஏழாவது என் தம்பியோடது. அவனைக் குடிகாரன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

சிரிப்பு டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. உதடுகள் மட்டும் பழக்கத்தில் சிரித்தபடியே இருந்தன. அந்தச் சிரிப்பை எப்படிக் கழற்றி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. அதை எலியம்மா நிதானமாகப் பார்த்தாள். பதினான்கு மாசம் இதற்குத்தான்.

"எலி அறை ரெஜிஸ்டர்ல கொன்னாச்சுன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"பொய் எழுதினேன். கையெழுத்து என்னோடதுதான்."

கதிர் அறைக்கு அன்றே சீல் வைத்தார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பெனியின் கருவிக்கு அனுமதி இல்லை என்றானது. ஆபரேட்டர் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், டாக்டர் சொல்லித்தான் பொய் எழுதினேன் என்றும், தம்பியின் சட்டை அட்டையை அவர்தான் வாங்கிக்கொண்டார் என்றும். பொய்க் கணக்கு எழுதியதற்காக எலியம்மாவுக்கும் வேலை போனது. அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்துகொண்டாள்.

குழுவால் உரிமத்தைத்தான் பிடுங்க முடியும். அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டுமானால் வீட்டார் போலீஸில் எழுதிக் கொடுக்கவேண்டும். அது தெரிந்துதான் அவர் ஒருநாள் மருத்துவமனை வாசலில் வந்து நின்றார். மூன்று மாசத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"கேஸ் மட்டும் வேணாம் எலியம்மா. என் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

அவள் நிறைய நேரம் யோசிக்கவில்லை. "கேஸ் போட மாட்டேன். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வரணும். என் தம்பி முன்னாடி உக்காந்து, அவனுக்கு என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால சொல்லணும். அடுத்த வாரம் அவனுக்கு ஞாபகம் இருக்காது. திரும்ப வந்து முதல்லேருந்து சொல்லணும்."

"எத்தனை வாரம்?"

"அவனுக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும்."

முதல் சனிக்கிழமை வந்தார். தம்பி எழுந்து நின்று, "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். பூட்டு, டைரக்ட் ஒயர், பதினோரு நிமிஷம், அட்டை, குடி என்று எழுதியது. தடுமாறிய இடத்தில் எல்லாம் எலியம்மா சுவரோரம் நின்று, "அதையும் சொல்லுங்க" என்றாள்.  கடைசியில் தம்பி ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்போ அந்த ஒயரைக் கட்டினது நான்தானா?"

அவர் தலையாட்டினார். தம்பி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். பிறகு அழுதான். எலியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

இரண்டாவது வாரமும் அப்படியே. வாங்க சார், நல்லா இருக்கீங்களா. அப்போ அந்த ஒயரைக் கட்டினது நான்தானா. மூன்றாவது வாரம் அவருக்குச் சொல்லச் சொல்ல வாந்தி வந்துவிட்டது. வாசலுக்கு ஓடினார். எலியம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

மறுநாள் காலை அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தம்பியின் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். எப்போதும் குரல் உயர்த்தாதவள்.

"அண்ணி, இது போதும்."

"எது போதும்? அவனைப் பாத்தா உனக்குப் பாவமா இருக்கா?"

"அவன் எப்படிப் போனா எனக்கென்ன. நீங்க அந்த ஆளையே பாக்கறீங்க, உங்க தம்பியைப் பாக்கல. சொன்னது அவருக்கு மறந்துடுது. அழுதது மறக்க மாட்டேங்குது. புதன்கிழமை வரைக்கும் ஏன்னே தெரியாம கையைக் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். பாப்பா கிட்ட போனா, 'நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்டா, என்னன்னு தெரியல'ங்கறார். வாராவாரம் தண்டனை யாருக்கு அண்ணி?"

 சோப்பு நுரை கையில் காய்ந்துபோகும்வரை எலியம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கூண்டில் எலியை வைத்து விநாடி எண்ணியதுபோலத் தம்பியை வைத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அது புரிந்தபோது முதல்முறையாக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் அந்த மனுஷன் மேல் இருந்த வெறுப்பில் ஒரு துளி குறையவில்லை. அதையும் அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் வந்தார். எலியம்மா படியிலேயே மறித்தாள்.

"இனிமே வர வேணாம்."

அவர் கண்களில் நீர் வந்துவிட்டது. கும்பிட்டார். "மன்னிச்சுட்டீங்களா?"

"காலைல போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். என் நோட்டு, ஆபரேட்டர் வாக்குமூலம், எலி படம் எல்லாம் கொடுத்தாச்சு."

"நீங்க வாக்கு கொடுத்தீங்களே எலியம்மா. கேஸ் போட மாட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேனா?" என்றாள் அவள். "மறந்துட்டேன்."

கதவைச் சாத்தினாள். உள்ளே தம்பி மகளுக்கு டார்ச் லைட்டைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். "யாருக்கா?" என்று நிமிராமலே கேட்டான். வீடு தெரியாமல் வந்த யாரோ என்றாள்.

வழக்கு இரண்டரை வருஷம் நடந்தது. ஒரு விசாரணைக்கும் அவள் போகாமல் இருந்ததில்லை, அவர் திரும்பினால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்வாள். அவருடைய பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது என்று கேள்விப்பட்டபோது, அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று ஒரு நாள் முழுக்க மனசு குடைந்தது. வழக்கை அதற்காக விடவில்லை. தீர்ப்பில் நான்கு வருஷம் கொடுத்தார்கள். தம்பி குடிகாரன் என்று எழுதிய காகிதத்தை ரத்து செய்து, பணியில் இருக்கும்போது அடிபட்டவன் என்று எழுதச் சொன்னார்கள். அந்த வரியை வக்கீல் படித்துக் காட்டியபோது தம்பியின் மனைவி மட்டும் அழுதாள்.

அவரை வண்டியில் ஏற்றும்போது எலியம்மா நடைபாதையில் நின்றாள். அவர் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவளும் பார்வையை எடுக்கவில்லை. வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு மணி பார்த்தாள். அரை நாள் விடுப்புதான் போட்டிருந்தாள். மத்தியானம் ஒரு நாய்க்குத் தையல் பிரிக்கவேண்டியிருந்தது, சாலையைக் கடந்து பஸ் பிடித்தாள்.